காலி செய்த பிறகுதான் சாவி

டேட்டாபேஸ் கேள்வி-பதில்

பெங்களூரில் வாடகை வீட்டைக் காலி செய்தவர்களுக்குத் தெரியும். உள்ளே ஒரு பீரோ நின்றாலும் ஓனர் சாவியை வாங்க மாட்டார். அட்வான்சும் கைக்கு வராது. டேட்டாபேஸ் ஃபைலும் அந்த வீடு மாதிரிதான். ஒயிட்ஃபீல்டிலிருந்து பீன்யா வரை இந்த முறை வந்த கடிதங்கள் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் கேட்கின்றன: டிஸ்க் நிரம்பிவிட்டது, எந்த ஃபைலைத் தூக்கலாம், எப்படித் தூக்கலாம்?

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டவும். டேபிள், ஃபைல் பெயர்கள் உதாரணத்துக்கு மட்டுமே.

ஆரக்கிள் 19சி டேட்டாபேஸ். 'விற்பனை' டேபிள்ஸ்பேஸுக்கு (டேபிள்களை வைக்கும் ஃபைல்களின் தொகுப்பு) அவசரத்தில் தவறான மவுன்ட்டில் (டிஸ்க் இணைந்திருக்கும் டைரக்டரி) 20 ஜிபி ஃபைல் ஒன்றைச் சேர்த்துவிட்டோம். நீக்கப் பார்த்தால் ஓஆர்ஏ-03262, ஃபைல் காலியில்லை என்கிறது. காலி இடத்தைக் காட்டும் டிபிஏ_ஃப்ரீ_ஸ்பேஸில் பார்த்தாலோ கிட்டத்தட்ட முழு ஃபைலும் காலி. "ஆஃப்லைன் டிராப் போட்டுவிடு" என்கிறார் சீனியர். போடலாமா?
வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

போடாதீர்கள். பெயரில் 'டிராப்' இருக்கிறதே தவிர, அது எதையும் நீக்காது.

ஆல்டர் டேட்டாபேஸ் டேட்டாஃபைல் '/யு05/விற்பனை03.டிபிஎஃப்' ஆஃப்லைன் டிராப்;

இது ஃபைலை ஆஃப்லைன் ஆக்கும், அவ்வளவுதான். ஆர்கைவ்லாக் மோடில் (ரீடூ லாக், அதாவது மாற்றங்களின் பதிவு, நகலெடுத்து வைக்கப்படும் முறை) ஓடும் டேட்டாபேஸில் கடைசிச் சொல்லை ஆரக்கிள் கண்டுகொள்வதுகூட இல்லை. ஃபைல் டிஸ்கிலேயே கிடக்கும், டிபிஏ_டேட்டா_ஃபைல்ஸ் பட்டியலிலும் நிற்கும். அதைவிட மோசம், அடுத்து நீங்கள் முறையான டிராப் கட்டளையைக் கொடுத்தால் ஓஆர்ஏ-03264 வரும்: லோக்கலி மேனேஜ்டு (இடக் கணக்கைத் தன் ஃபைல்களுக்குள்ளேயே வைத்திருக்கும்) டேபிள்ஸ்பேஸில் ஆஃப்லைனில் உள்ள ஃபைலை நீக்க முடியாது. அதாவது சீனியர் சொன்ன வழி, போக வேண்டிய வழியை அடைக்கிறது. ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால், ஆர்கைவ் லாக் எல்லாம் கையில் இருக்கும்போதே 'ரெகவர் டேட்டாஃபைல் 7;' (7 என்பது ஃபைல் எண்) கொடுத்து ஆன்லைனுக்குக் கொண்டுவாருங்கள். நோஆர்கைவ்லாக் மோடில் ரீடூ லாக் ஒரு சுற்று சுற்றி எழுதப்பட்டுவிட்டால் அந்த ஃபைல் திரும்பாது. முழு டேபிள்ஸ்பேஸையும் கழிக்கத்தான் வேண்டும்.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்தால், ஃபைல் வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. மவுன்ட்தான் தப்பு என்கிறீர்கள். அப்படியானால் நீக்குவதே வேண்டாம். என்டர்பிரைஸ் எடிஷன் என்றால், 12சி முதல் டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைலை இடம் மாற்றலாம்:

ஆல்டர் டேட்டாபேஸ் மூவ் டேட்டாஃபைல் '/யு05/விற்பனை03.டிபிஎஃப்' டு '/யு02/விற்பனை03.டிபிஎஃப்';

முடியும் வரை இரண்டு இடத்திலும் 20 ஜிபி தேவை. முடிந்ததும் பழையதை ஆரக்கிளே அழித்துவிடும் ('கீப்' என்று சேர்த்தால் அழிக்காது).

இல்லை, நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். செக்மென்ட் என்பது ஒரு டேபிளோ இன்டெக்ஸோ பிடித்திருக்கும் இடம், எக்ஸ்டென்ட் அதன் ஒரு துண்டு. ஃபைல் எண் 7 என்று வைத்துக்கொள்வோம்:

செலக்ட் ஓனர், செக்மென்ட்_நேம், செக்மென்ட்_டைப், சம்(பைட்ஸ்)/1048576
ஃப்ரம் டிபிஏ_எக்ஸ்டென்ட்ஸ் வேர் ஃபைல்_ஐடி = 7
குரூப் பை ஓனர், செக்மென்ட்_நேம், செக்மென்ட்_டைப்;

'பின்$' என்று தொடங்கும் பெயர்கள் வந்தால் உங்கள் குழப்பத்துக்கு விடை அங்கேயே இருக்கிறது. அவை ரீசைக்கிள்பின்னில் கிடக்கும் டேபிள்கள். டிராப் செய்தாயிற்று என்று நாம் நினைப்போம். ஆரக்கிள் பெயரை மட்டும் மாற்றி அதே இடத்தில் வைத்திருக்கும். தேவைப்பட்டால் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் டிபிஏ_ஃப்ரீ_ஸ்பேஸ் அதைக் 'காலி' என்று கணக்குக் காட்டும். ஆனால் ஃபைலை நீக்கும்போது எக்ஸ்டென்ட் ஒன்று இருந்தாலும் 'காலியில்லை'தான். தீர்வு ஒரு வரி:

பர்ஜ் டேபிள்ஸ்பேஸ் விற்பனை;

டிராப் எனி டேபிள் உரிமை வேண்டும். பர்ஜ் செய்த பிறகு 'ஃப்ளாஷ்பேக் டேபிள் டு பிஃபோர் டிராப்' வேலை செய்யாது. எனவே யாராவது நேற்று தவறாக டிராப் செய்த டேபிளைத் தேடிக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உண்மையான செக்மென்ட்கள் இருந்தால் நகர்த்த வேண்டும். அதே டேபிள்ஸ்பேஸுக்குள் 'மூவ்' கொடுத்தால், புது எக்ஸ்டென்ட்கள் அதே ஃபைலில் போய் விழ வாய்ப்பு நிறைய. ஒரு ஃபைலில் மட்டும் எழுதாதே என்று ஆரக்கிளிடம் சொல்ல வழியில்லை. அதனால் 'விற்பனை_புது' என்று வேறொரு டேபிள்ஸ்பேஸ் தொடங்கி அதற்கு மாற்றுவதே தலைவலியில்லாத வேலை.

ஆல்டர் டேபிள் பில்_விவரம் மூவ் டேபிள்ஸ்பேஸ் விற்பனை_புது;
ஆல்டர் இன்டெக்ஸ் பில்_விவரம்_பிகே ரீபில்ட் டேபிள்ஸ்பேஸ் விற்பனை_புது;

முதல் வரியை மட்டும் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலையில் அந்த டேபிளின் இன்டெக்ஸ்கள் எல்லாம் 'அன்யூஸபிள்' ஆகிக் கிடக்கும், அப்ளிகேஷன் அலறும். 12.2 முதல் என்டர்பிரைஸ் எடிஷனில் 'மூவ் ஆன்லைன்' என்று கொடுத்தால் இன்டெக்ஸ்கள் உயிரோடு இருக்கும், பயனர்களும் எழுதிக்கொண்டே இருக்கலாம். ஆனால் இன்டெக்ஸ் தன் பழைய டேபிள்ஸ்பேஸிலேயே இருக்கும் என்பதால் இடம் மாற்ற ரீபில்ட் எப்படியும் தேவை. பார்ட்டிஷன் டேபிள் என்றால் ஒவ்வொரு பார்ட்டிஷனையும் தனித்தனியாக மூவ் செய்ய வேண்டும். எல்ஓபி (படம், ஸ்கேன் போன்ற பெரிய டேட்டா) நெடுவரிசைகள்தான் பலரும் மறப்பது. டேபிளை நகர்த்தினாலும் அவை பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்:

ஆல்டர் டேபிள் பில்_விவரம் மூவ் எல்ஓபி(ஸ்கேன்) ஸ்டோர் ஆஸ் (டேபிள்ஸ்பேஸ் விற்பனை_புது);

மேலே சொன்ன டிபிஏ_எக்ஸ்டென்ட்ஸ் கேள்விக்கு ஒரு வரிகூட வராத பிறகு:

ஆல்டர் டேபிள்ஸ்பேஸ் விற்பனை டிராப் டேட்டாஃபைல் '/யு05/விற்பனை03.டிபிஎஃப்';

10ஜி ரிலீஸ் 2-வில் வந்த கட்டளை இது. டேட்டா டிக்‌ஷனரி, கன்ட்ரோல் ஃபைல் (டேட்டாபேஸின் ஃபைல் பட்டியல் இருப்பது), டிஸ்க் மூன்றிலிருந்தும் ஃபைலை எடுத்துவிடும். தனியாக ஆர்எம் (லினக்ஸில் ஃபைலை அழிக்கும் கட்டளை) தேவையில்லை. டேட்டாபேஸ் திறந்திருக்க வேண்டும். டேபிள்ஸ்பேஸின் முதல் ஃபைலை எடுக்க முடியாது (ஓஆர்ஏ-03263). ஒரே ஃபைல்தான் இருக்கிறது என்றால் ஓஆர்ஏ-03261. சிஸ்டம் டேபிள்ஸ்பேஸில் இது நடக்காது. பிக்ஃபைல் டேபிள்ஸ்பேஸுக்கு இருப்பதே ஒரு ஃபைல், அதனால் அங்கே இந்தப் பேச்சே இல்லை.

முதல் ஃபைல்தான் இடத்தை அடைக்கிறது என்றால் 'ஆல்டர் டேட்டாபேஸ் டேட்டாஃபைல் ... ரீசைஸ் 100எம்;' என்று சுருக்கிப் பாருங்கள். ஓஆர்ஏ-03297 வந்தால் ஃபைலின் கடைசிப் பக்கத்தில் ஏதோ ஒரு செக்மென்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிபிஏ_எக்ஸ்டென்ட்ஸில் பிளாக்_ஐடி பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால் ஆள் யார் என்று தெரியும். பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டை நகர்த்தினாலே ஃபைல் பாதியாகச் சுருங்கும்.

டேட்டா கார்டு (பிரைமரி டேட்டாபேஸுக்கு ஸ்டாண்ட்பை என்ற நகலை வைத்திருக்கும் ஆரக்கிள் வசதி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டாண்ட்பையில் ஸ்டாண்ட்பை_ஃபைல்_மேனேஜ்மென்ட் 'ஆட்டோ'வாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். 'மேனுவல்' என்றால் பிரைமரியில் நீக்கிய ஃபைல் அங்கே டிஸ்கில் தங்கிவிடும், நீங்களே போய் அழிக்க வேண்டும்.

முழு டேபிள்ஸ்பேஸையும் நீக்க 'இன்க்ளூடிங் கன்டென்ட்ஸ்' போதாதா? 'அண்ட் டேட்டாஃபைல்ஸ்' ஏன்?
வாசகி, மாரத்தஹள்ளி

டிராப் டேபிள்ஸ்பேஸ் விற்பனை இன்க்ளூடிங் கன்டென்ட்ஸ் அண்ட் டேட்டாஃபைல்ஸ் கேஸ்கேட் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ்;

'இன்க்ளூடிங் கன்டென்ட்ஸ்' இல்லையென்றால், உள்ளே எதாவது இருக்கும்வரை ஓஆர்ஏ-01549 வரும். அது மட்டும் கொடுத்தால் டேபிள்கள் போகும், டிஸ்கில் ஃபைல் அனாதையாக நிற்கும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அதைப் பார்த்து இது யாருடையது என்று திணறுவார். ஆரக்கிள் மேனேஜ்டு ஃபைல்ஸ் (ஃபைலின் பெயரையும் இடத்தையும் ஆரக்கிளே பார்த்துக்கொள்ளும்) முறையில் உருவான ஃபைலாக இருந்தால் மட்டும் சொல்லாமலே அழிந்துவிடும். கடைசி இரண்டு சொற்கள், வேறு டேபிள்ஸ்பேஸில் உள்ள டேபிள்களின் ஃபாரின் கீ (வேறொரு டேபிளைச் சுட்டும் தொடர்பு) இங்கே கைநீட்டியிருந்தால் தேவைப்படும், இல்லையேல் ஓஆர்ஏ-02449.

இப்படி நீக்கியவை ரீசைக்கிள்பின்னுக்குப் போகாது. அதனால் ஒரு இடைப்படி வைத்துக்கொள்வது நல்லது: முதலில் 'ஆல்டர் டேபிள்ஸ்பேஸ் விற்பனை ஆஃப்லைன்;' என்று கொடுத்துவிட்டு ஒரு மாதக் கடைசிக் கணக்கு முடியும்வரை காத்திருங்கள். யாரும் கத்தவில்லை என்றால் டிராப் செய்யுங்கள். கத்தினால் ஆன்லைன் கொடுத்தால் போதும். தனி ஒரு ஃபைலை ஆஃப்லைன் ஆக்குவதும், முழு டேபிள்ஸ்பேஸை நார்மலாக ஆஃப்லைன் ஆக்குவதும் வேறு வேறு. பின்னது செக்பாயின்ட் எழுதிவிட்டு (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை ஃபைலில் சேர்த்துவிட்டு) மூடுவதால் திரும்பத் திறக்க ரெகவரி கேட்காது.

லினக்ஸில் ஒருவர் டேட்டாஃபைலை ஆர்எம் செய்துவிட்டார். ஆச்சரியம், டேட்டாபேஸ் இன்னும் ஓடுகிறது. டிஎஃப் (டிஸ்க் நிலவரம் காட்டும் கட்டளை) பார்த்தால் பிடித்திருக்கும் இடமும் குறையவில்லை. ரீஸ்டார்ட் செய்யலாமா?
வாசகர், பெல்லந்தூர்

செய்யவே வேண்டாம். ஆர்எம் என்பது பெயரைத்தான் அழிக்கும். டிபிடபிள்யூ0 (டேட்டாஃபைல்களில் எழுதுவது) போன்ற ஆரக்கிள் பிராசஸ்கள் ஃபைலைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்கில் அப்படியே இருக்கும். டிஎஃப் குறையாததும் அதனால்தான். ரீஸ்டார்ட் செய்த நொடியில் கடைசிப் பிடியும் போய்விடும், அடுத்துத் திறக்கும்போது ஓஆர்ஏ-01157, ஓஆர்ஏ-01110 இரண்டும் வரிசையாக வரும். (விண்டோஸில் திறந்திருக்கும் ஃபைலை அழிக்கவே விடாது. லினக்ஸ் நம்மை நம்புகிறது, அதுதான் சிக்கல்.)

ஆர்மேன் (ஆரக்கிளின் பேக்கப் கருவி) பேக்கப்பும் ஆர்கைவ் லாக்கும் இருந்தால் அதுவே நேர்வழி: அந்த டேட்டாஃபைலை மட்டும் ஆஃப்லைன் ஆக்கி, ரீஸ்டோர், ரெகவர், ஆன்லைன். பேக்கப் இல்லை என்றால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பிராசஸ்தான் உங்கள் பேக்கப்.

டிபிடபிள்யூ0-வின் பிராசஸ் எண்ணைக் கண்டுபிடித்து, /ப்ராக்/எண்/எஃப்டி டைரக்டரியை (அந்தப் பிராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைல்கள் இங்கே எண்களாக இருக்கும்) பட்டியலிட்டால் 'டிலீட்டட்' என்ற குறிப்போடு ஒரு வரி இருக்கும். அந்த எஃப்டி எண்ணுக்கு, ஃபைலின் பழைய பெயரிலேயே ஒரு சிம்பாலிக் லிங்க் போடுங்கள். ஆரக்கிளுக்கு ஃபைல் மறுபடி கண்ணில் படும். அடுத்து டேபிள்ஸ்பேஸை ரீட் ஒன்லி ஆக்குங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது: எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலை நகலெடுத்தால் பாதி பழசு, பாதி புதுசாக வரும். பிறகு எஃப்டி-யிலிருந்து வேறு பெயரில் நகலெடுத்து, லிங்கை அழித்து, நகலுக்குப் பழைய பெயரை வையுங்கள். ஓனர், பர்மிஷன் சரியா என்று பார்த்துக்கொண்டு, இப்போது டேட்டாபேஸை முறையாக மூடித் திறக்கலாம். மூடித் திறப்பது அவசியமும்கூட. இல்லையேல் பழைய பிராசஸ்கள் அழிந்த ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். கடைசியில் ரீட் ரைட், உடனே ஒரு முழு பேக்கப்.

ஃபைலே தேவையில்லை, அதனால்தான் அழித்தோம் என்றால் மேலே திட்டிய 'ஆஃப்லைன் டிராப்' அங்கேதான் உதவும். ரீஸ்டார்ட் ஆகித் திறக்க மறுக்கும் டேட்டாபேஸை மவுன்ட் நிலையில் (கன்ட்ரோல் ஃபைலைப் படித்து, இன்னும் திறக்காத நிலை) வைத்து, காணாமல்போன ஃபைலை ஆஃப்லைன் டிராப் என்று அறிவித்து, டேட்டாபேஸைத் திறந்து, பிறகு டேபிள்ஸ்பேஸை டிராப் செய்வது. டேபிள்ஸ்பேஸில் உள்ள மற்ற ஃபைல்களின் டேட்டாவும் சேர்ந்து போகும், ஜாக்கிரதை.

பீன்யாவில் சிறு தொழிற்சாலை. கணக்கு சாஃப்ட்வேர் எஸ்கியூஎல் சர்வரில். டி டிரைவ் நிரம்பியபோது ஈ டிரைவில் இரண்டாவது டேட்டா ஃபைலும் இரண்டாவது லாக் ஃபைலும் சேர்த்தார் சர்வீஸ் இன்ஜினியர். புது டிஸ்க் வாங்கிவிட்டோம், ஈ டிரைவைக் கழற்ற வேண்டும். ரிமூவ் ஃபைல் கொடுத்தால் 5042 பிழை.
வாசகர், பீன்யா

5042 என்றால் காலியில்லை. எஸ்கியூஎல் சர்வரில் ஆரக்கிளைவிட வேலை சுலபம், காலி செய்யவே ஒரு கட்டளை உண்டு. முதலில் லாஜிக்கல் பெயரைப் பாருங்கள். டிஸ்கில் உள்ள பெயர் இங்கே செல்லாது.

செலக்ட் ஃபைல்_ஐடி, நேம், பிசிக்கல்_நேம், டைப்_டெஸ்க், ஸ்டேட்_டெஸ்க் ஃப்ரம் சிஸ்.டேட்டாபேஸ்_ஃபைல்ஸ்;

பிறகு, அந்த டேட்டாபேஸுக்குள் இருந்துகொண்டு:

டிபிசிசி ஷ்ரிங்க்ஃபைல் ('கணக்கு_2', எம்ப்டிஃபைல்);
ஆல்டர் டேட்டாபேஸ் கணக்கு ரிமூவ் ஃபைல் கணக்கு_2;

முதல் கட்டளை அந்த ஃபைலின் பக்கங்களை அதே ஃபைல்குரூப்பில் உள்ள மற்ற ஃபைல்களுக்கு நகர்த்தும், புதிதாக எதுவும் உள்ளே வராமலும் தடுக்கும். எனவே டி டிரைவில் உள்ள ஃபைலுக்கு வளர இடம் வேண்டும். ஈ-யில் 60 ஜிபி டேட்டா இருந்தால் டி-யில் 60 ஜிபிக்குச் சற்று மேல், லாக் வளர்வதற்குத் தனியாக. மேக்ஸ்சைஸ் வரம்பு போட்டிருந்தால் தளர்த்துங்கள். எல்லாவற்றையும் நகர்த்த இடம் போதவில்லை என்றால் 2555 பிழையோடு நிற்கும். அந்த ஃபைல்குரூப்பில் இருப்பதே ஒரு ஃபைல் என்றால் போக இடமே இல்லை. முதலில் டி-யில் இன்னொரு ஃபைலை அதே ஃபைல்குரூப்பில் சேர்க்க வேண்டும்.

மெதுவாகத்தான் நடக்கும். படம், ஸ்கேன் போன்ற எல்ஓபி டேட்டா இருந்தால் இன்னும் மெதுவாக. எவ்வளவு முடிந்தது என்று சிஸ்.டிஎம்_எக்ஸெக்_ரிக்வெஸ்ட்ஸில் பெர்சென்ட்_கம்ப்ளீட் நெடுவரிசையில் பார்க்கலாம். ஷிஃப்ட் தொடங்கும் நேரம் வந்துவிட்டால் தைரியமாக நிறுத்துங்கள். நகர்ந்தது நகர்ந்ததுதான், ராத்திரி மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து போகும். முடிந்தபின் இன்டெக்ஸ்கள் சிதறிப் போயிருக்கும் என்பதால் ஒருமுறை ரீபில்ட் செய்யுங்கள். 2022 பதிப்பில் ஷ்ரிங்குக்கு 'வெயிட்_அட்_லோ_ப்ரையாரிட்டி' வந்திருக்கிறது, வேலை நேரத்தில் மற்றவர்களை மறிக்காமல் ஓட்ட அது உதவும்.

லாக் ஃபைல் கதை வேறு. லாக்கில் உள்ளதை ஒரு ஃபைலிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த முடியாது. அதன் உயிருள்ள பகுதி முதல் ஃபைலுக்குச் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஃபுல் ரெகவரி மாடல் என்றால் லாக் பேக்கப் எடுங்கள். எடுத்தும் நகரவில்லையா? சிஸ்.டேட்டாபேசஸில் லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'லாக்_பேக்கப்' என்றால் இன்னொரு பேக்கப். 'ஆக்டிவ்_ட்ரான்சாக்‌ஷன்' என்றால் யாரோ ஒருவர் திறந்த பரிவர்த்தனையை மூடாமல் டீ குடிக்கப் போயிருக்கிறார். டிபிசிசி ஓப்பன்ட்ரான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். சிஸ்.டிஎம்_டிபி_லாக்_இன்ஃபோவில் இரண்டாவது ஃபைலின் எந்தப் பகுதியும் ஆக்டிவ் இல்லை என்றானதும் ரிமூவ் ஃபைல் போகும். முதல் லாக் ஃபைலையும், எம்டிஎஃப் என்கிற பிரைமரி ஃபைலையும் மட்டும் ஒருநாளும் எடுக்க முடியாது, 5020 வரும்.

நீக்கிய பிறகும் பட்டியலில் ஃபைல் 'ஆஃப்லைன்' என்று தெரிந்தால் பயப்படாதீர்கள். அடுத்த லாக் பேக்கப் எடுக்கும்வரை அப்படித்தான் நிற்கும். அது பட்டியலை விட்டுப் போன பிறகு ஈ டிரைவைக் கழற்றுங்கள்.

போஸ்ட்கிரெஸ். பழைய எஸ்எஸ்டி வால்யூமில் 'வேகம்' என்ற டேபிள்ஸ்பேஸ். அதில் ஒரு டேபிளும் இல்லை என்று பிஜி_டேபிள்ஸ் சொல்கிறது, டிராப் டேபிள்ஸ்பேஸோ 'காலியில்லை' என்கிறது. எது பொய்?
வாசகி, எச்எஸ்ஆர் லேஅவுட்

இரண்டும் உண்மை. டேபிள்ஸ்பேஸ் என்பது முழு கிளஸ்டருக்கும் (அந்த சர்வரில் ஒன்றாக ஓடும் எல்லா டேட்டாபேஸ்களுக்கும்) பொது. பிஜி_டேபிள்ஸ் காட்டுவது நீங்கள் இப்போது இணைந்திருக்கும் டேட்டாபேஸ் மட்டும். பக்கத்து டேட்டாபேஸில் யாராவது குடியிருக்கலாம்.

செலக்ட் ஓஐடி ஃப்ரம் பிஜி_டேபிள்ஸ்பேஸ் வேர் எஸ்பிசிநேம் = 'வேகம்';
செலக்ட் டேட்நேம் ஃப்ரம் பிஜி_டேட்டாபேஸ் வேர் ஓஐடி இன் (செலக்ட் பிஜி_டேபிள்ஸ்பேஸ்_டேட்டாபேசஸ்(16402));

16402 இருக்கும் இடத்தில் முதல் வரி தந்த எண்ணைப் போடுங்கள். வரும் ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் போய் இணைந்து:

ஆல்டர் டேபிள் ஆல் இன் டேபிள்ஸ்பேஸ் வேகம் செட் டேபிள்ஸ்பேஸ் பிஜி_டிஃபால்ட்;
ஆல்டர் இன்டெக்ஸ் ஆல் இன் டேபிள்ஸ்பேஸ் வேகம் செட் டேபிள்ஸ்பேஸ் பிஜி_டிஃபால்ட்;

டேபிள் நகர்ந்தால் இன்டெக்ஸ் கூடவே வராது, இரண்டாவது வரி கட்டாயம். மெட்டீரியலைஸ்டு வியூ இருந்தால் அதற்கும் இதே போல் ஒன்று உண்டு. நகரும் நேரம் முழுக்க டேபிள் பூட்டப்படும், படிக்கக்கூட முடியாது. கடைசியில் 'நோவெயிட்' சேர்த்தால், பூட்டு உடனே கிடைக்காதபோது காத்துக் கிடக்காமல் தோற்றுத் திரும்பும்; பகலில் முயன்று பார்க்க அதுவே பத்திரம்.

இன்னும் ஒரு மறைவிடம் உண்டு. ஒரு டேட்டாபேஸின் டிஃபால்ட் டேபிள்ஸ்பேஸே 'வேகம்' என்றால், அதன் டேபிள்கள் டேபிள்ஸ்பேஸ் நெடுவரிசையில் வெற்றாகத் தெரியும். டிஃபால்ட்டில் இருப்பவற்றுக்குப் பெயர் எழுதி வைக்கும் வழக்கம் போஸ்ட்கிரெஸுக்கு இல்லை. அங்கே 'ஆல்டர் டேட்டாபேஸ் ஆர்டர்கள் செட் டேபிள்ஸ்பேஸ் பிஜி_டிஃபால்ட்;' தேவை. அந்த டேட்டாபேஸில் ஒருவர்கூட இணைந்திருக்கக் கூடாது, நீங்கள் உட்பட. வேறு டேட்டாபேஸிலிருந்து கொடுங்கள். டெம்ப்_டேபிள்ஸ்பேசஸ் அமைப்பில் 'வேகம்' இருந்தால் அதையும் எடுங்கள். ஓடும் செஷன்களின் தற்காலிக ஃபைல்கள் அங்கே விழுந்துகொண்டே இருக்கும்.

பிறகு டிராப் டேபிள்ஸ்பேஸ் வேகம்; இதை பிகின்-கமிட்டுக்குள் வைத்து ஓட்ட முடியாது. முடிந்ததும் பிஜி_டிபிஎல்எஸ்பிசியில் உள்ள லிங்க் போகும்; நீங்கள் உருவாக்கிய மேல் டைரக்டரி மட்டும் வெறுமையாக நிற்கும், அதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். வால்யூமைக் கழற்றும்போது 'பிஸி' என்று வந்தால், நீக்கிய ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கும் பழைய கனெக்‌ஷன் எதையாவது மூடிப் பாருங்கள்.

மைஎஸ்கியூஎல்-லில் இரண்டு வருட ரிப்போர்ட்களை டிலீட் செய்தோம். டிஸ்கில் ஒரு எம்பிகூடக் குறையவில்லை.
வாசகர், ஜெயநகர்

டிலீட் வரிகளைத்தான் எடுக்கும். ஐபிடி (டேபிளின் டேட்டா இருக்கும்) ஃபைலுக்குள் பக்கங்கள் காலியாகி, அடுத்து வரும் வரிகளுக்காகக் காத்திருக்கும். ஃபைல் சுருங்க வேண்டுமானால் 'ஆப்டிமைஸ் டேபிள் ரிப்போர்ட்;' கொடுங்கள். இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்-லின் ஸ்டோரேஜ் என்ஜின்) இதை ஆதரிக்கவில்லை, மறு உருவாக்கம் செய்கிறேன் என்று ஒரு குறிப்பு வரும், பிழை அல்ல. மிஞ்சியிருக்கும் டேட்டா அளவுக்கு டிஸ்கில் இடம் வேண்டும், ஆகவே 100 சதவீதம் நிரம்பும்வரை காத்திருக்காதீர்கள்.

5.6.6-லிருந்து ஒவ்வொரு டேபிளுக்கும் தனி ஃபைல் என்பதே இயல்பு. அதற்கு முன்னால் பிறந்த டேபிள்கள் ஐபிடேட்டா1 என்ற பொது ஃபைலுக்குள் இருக்கலாம். 'ஆல்டர் டேபிள் ... என்ஜின்=இன்னோடிபி' கொடுத்து அவற்றை வெளியே கொண்டுவரலாம், ஆனால் ஐபிடேட்டா1 சுருங்காது. அதைச் சுருக்க எந்தக் கட்டளையும் கிடையாது. எல்லாவற்றையும் டம்ப் எடுத்து, டேட்டா டைரக்டரியைப் புதிதாக உருவாக்கி, மறுபடி ஏற்றுவதுதான் வழி.

வருடா வருடம் பழையதைக் கழிப்பது உங்கள் வழக்கம் என்றால் டேபிளை மாத வாரியாகப் பார்ட்டிஷன் செய்துவிடுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு ஃபைல். 'ஆல்டர் டேபிள் ரிப்போர்ட் டிராப் பார்ட்டிஷன் பி2022_01;' என்றதும் டிஸ்கிலிருந்து ஃபைலோடு போய்விடும். நிபந்தனை இரண்டு: பிரைமரி கீ உட்பட ஒவ்வொரு யுனிக் கீயிலும் தேதி நெடுவரிசை இருக்க வேண்டும், அந்த டேபிளில் ஃபாரின் கீ கூடாது.

பெரிய டிலீட்டுக்குப் பிறகு டிஸ்க் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் பைனரி லாக்கைப் பாருங்கள், டிலீட்டும் அங்கே எழுதப்படுகிறது. கையால் அழிக்காதீர்கள், இன்டெக்ஸ் ஃபைலும் டிஸ்கும் ஒத்துப்போகாமல் ஆகிவிடும். 'பர்ஜ் பைனரி லாக்ஸ் பிஃபோர் நவ்() - இன்டர்வல் 7 டே;' போதும். ரெப்ளிகா (நகல் சர்வர்) வைத்திருந்தால் அது எந்த லாக் வரை படித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அது துண்டிக்கப்பட்டிருக்கும் நேரத்தில் அது படிக்காத லாக்கை நீக்கினால், ரெப்ளிகாவை முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான். 8.0-வில் எதையும் மாற்றாமல் விட்டால் 30 நாள் லாக் தங்கும். பைன்லாக்_எக்ஸ்பயர்_லாக்ஸ்_செகண்ட்ஸை 604800 ஆக்கினால் ஒரு வாரம்.

ஒரு வரிக் கேள்விகள்

ஆரக்கிள் டெம்ப் ஃபைல் 32 ஜிபி ஆகிவிட்டது. நீக்கலாமா? (அல்சூர்)
சுருக்கிப் பாருங்கள்: 'ஆல்டர் டேபிள்ஸ்பேஸ் டெம்ப் ஷ்ரிங்க் ஸ்பேஸ் கீப் 2ஜி;'. நீக்கத்தான் வேண்டும் என்றால் இன்னொரு டெம்ப் ஃபைல் சேர்த்துவிட்டு, 'ஆல்டர் டேட்டாபேஸ் டெம்ப்ஃபைல் ... டிராப் இன்க்ளூடிங் டேட்டாஃபைல்ஸ்;'. ஓஆர்ஏ-25152 வந்தால் யாரோ சார்ட் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வி$டெம்ப்செக்_யூசேஜில் செஷன் தெரியும்.

போஸ்ட்கிரெஸ் பிஜி_வால் டைரக்டரி (வால் எனும் மாற்றப் பதிவு லாக் ஃபைல்கள் இருப்பது) வீங்குகிறது. பழைய ஃபைல்களை ஆர்எம் செய்யலாமா? (கோரமங்கலா)
கூடாது, கிராஷ் ரெகவரிக்குத் தேவையானது போனால் டேட்டாபேஸ் எழுந்திருக்காது. பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் ஆக்டிவ் இல்லாத ஸ்லாட் (நகல் சர்வருக்காக லாக்கை நிறுத்தி வைப்பது) ஒன்று பழைய வால் ஃபைல்களைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். வேண்டாதது என்று உறுதியானால் பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்('பெயர்'). அடுத்த செக்பாயின்ட்டில் இடம் திரும்பும். 13 முதல் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்று ஒரு வரம்பும் போட்டு வைக்கலாம்.

ஆரக்கிளில் ரீடூ லாக் குரூப்பை நீக்கினேன், ஃபைல் டிஸ்கிலேயே இருக்கிறது. (ஒயிட்ஃபீல்ட்)
ஆரக்கிள் மேனேஜ்டு ஃபைலாக இல்லாவிட்டால் அப்படித்தான். 'டிராப் லாக்ஃபைல் குரூப்' கன்ட்ரோல் ஃபைலில் இருந்து மட்டும் எடுக்கும். ஆர்எம் செய்யும் முன் வி$லாக்ஃபைலில் அந்தப் பெயர் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து குரூப்பின் பெயரிலிருந்து அதற்கு ஒரு எழுத்துதான் வித்தியாசம் இருக்கும்.